பழைய டிரம் வாங்கிய கதை

அந்தச் சிறுவனின் பெயர்கூட எனக்குத் தெரியாது. பத்து வயது இருக்கும். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, கையில் ஒரு லட்டு. 2023ஆம் ஆண்டு, ராவாங்கில் ஒரு திருமண விருந்து. மண்டபத்தில் நானூறு பேராவது இருந்திருப்பார்கள். எங்கள் குழுவுக்கு அது இரண்டாவது நிகழ்ச்சி. என் சொந்த டிரம் செட்டுக்கு அதுதான் அரங்கேற்றம்!

மூன்றாவது பாட்டு வேகமான பாட்டு. நான் காலால் மிதிக்க மிதிக்க, பேஸ் டிரம் என்னை விட்டு நகரத் தொடங்கியது. மிதிக்கு அரை அங்குலம். நான் ஸ்டூலை இழுத்துக்கொண்டு பின்தொடர்ந்தேன். அது இன்னும் முன்னே போனது. மேடை விளிம்புக்கு இரண்டடிதான் பாக்கி. கித்தார் வாசிக்கும் நண்பன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். அவனுக்குச் சிரிப்பு, எனக்கு வியர்வை. அப்போதுதான் அந்தச் சிறுவன் மேடையேறி வந்தான். யாரும் அவனை அழைக்கவில்லை. பேஸ் டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்து, முதுகை அதில் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு லட்டைத் தின்ன ஆரம்பித்தான். நான்கு பாட்டு முடியும்வரை அசையவில்லை. முடிந்ததும் ஐஸ்கிரீம் இருந்த பக்கம் ஓடிவிட்டான். நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

அந்த டிரம் செட்டை நான் 900 வெள்ளிக்கு வாங்கியிருந்தேன்.

இந்த ஆண்டில் மட்டும் மூன்று தம்பிகளும் ஒரு தங்கையும் என்னிடம் வந்து, “அண்ணா, நிகழ்ச்சிக்கு வாசிக்க மலிவான டிரம் செட் பழசு வாங்கலாமா, புதுசே வாங்கணுமா?” என்று கேட்டுவிட்டார்கள். மாமாக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. மலரில் எழுதிவிட்டால் எல்லாருக்கும் ஆயிற்று என்றுதான் இந்தக் கட்டுரை.

தமிழ்ப்பள்ளியில் படித்தபோது எனக்கு மேசைதான் மேளம். ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரத்தில் இரண்டு பேனாக்களால் தட்டுவேன். திரும்பி வந்தால் அவர் என் முதுகில் தட்டுவார். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பஞ்சாராகம் என்கிற பள்ளி வாத்தியக் குழுவில் சேர்ந்தேன். கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கும் சிறிய டிரம்மை ஐந்து ஆண்டுகள் அடித்தேன். பள்ளி மண்டபத்தின் திரைக்குப் பின்னால் ஒரு முழு டிரம் செட் தூசி படிந்து கிடந்தது. ஆசிரியர் தினத்தன்று முதன்முதலாக அதில் உட்காரவிட்டார்கள். நான்கு கை கால்களுக்கும் வேலை கொடுக்கும் வாத்தியம் அது. அன்றிலிருந்து பிடித்த பைத்தியம்தான்.

பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் பி.டி.பி.டி.என். கடனுதவி கைக்கு வந்த வாரத்தில் அந்த விளம்பரம் என் கண்ணில் பட்டது. ஐந்து டிரம்கள் கொண்ட செட், மூன்று சிம்பல், ஸ்டாண்டு, பெடல், ஸ்டூல், எல்லாம் சேர்த்து 900. “ஜாராங் கூனா” என்று போட்டிருந்தது. அதிகம் பயன்படுத்தாததாம். தீயணைப்பு வண்டியைப்போல் ரத்தச் சிவப்பு, பளபளவென்று மின்னியது. புதிதாக வாங்கினால் 1,800 என்று கடையில் விசாரித்து வைத்திருந்தேன். பாதி விலை! அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் ‘நூல்கள் வாங்கப் பணம் போயிற்று’ என்று ஒரு பொய். கித்தார் நண்பனின் உறவினர் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, அவன் வீட்டிலேயே போட்டு வைத்தோம். விடுதியில் டிரம் செட் வைத்தால் வார்டன் என்னையும் சேர்த்து வெளியே வைத்துவிடுவார்.

ராவாங் நிகழ்ச்சிக்குப் பிறகு வேறு வழியில்லாமல் செட்டைக் காப்பாருக்குக் கொண்டு போனேன். என் அப்பா அங்கே சிறிய கார்ப் பட்டறை வைத்திருக்கிறார். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டிக் கொண்டுவரும் ‘ஹாஃப் கட்’ கார்களிலிருந்து இன்ஜினையும் கியர் பெட்டியையும் வாங்கி, இங்குள்ள கார்களுக்குப் பொருத்துவார். பழைய சாமானிலேயே முப்பது ஆண்டுகள் வாழ்ந்த மனிதர். நான் அவரிடம்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஆனால் டிரம்மைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

அப்பா திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, பேஸ் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டார். அது நகராமல் தாங்கிப் பிடிக்கும் இரண்டு முன்கால்களை ஆட்டிப் பார்த்தார். திருகாணியின் மரை முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. எவ்வளவு முடுக்கினாலும் பிடிக்காது. ஃபுளோர் டாமின் தோலைக் கழற்றச் சொல்லி உள்ளே விரலைவிட்டுத் தடவினார். தோல் உட்காரும் மர விளிம்பில் ஓர் இடத்தில் பள்ளம். பிறகு அளவு நாடாவை எடுத்துக் குறுக்கே ஒரு முறையும் நெடுக்கே ஒரு முறையும் அளந்தார். இரண்டும் ஒன்றாக இல்லை. வட்டமாக இருக்க வேண்டியது முட்டையாக இருந்தது.

“எவனாச்சும் பெயிண்டைப் பார்த்து கார் வாங்குவானாடா? சேஸியப் பார்க்க வேணாமா?” என்றார். அவ்வளவுதான். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தச் செட்டை வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர நான் செலவழித்த கணக்கு இன்னும் கைப்பேசியில் இருக்கிறது. புதிய தோல்கள் 380 வெள்ளி. பெடல் 180. இரண்டு ஸ்டாண்டுகள் 250. வாங்கிய விலையோடு கூட்டினால் 1,710. புதுசுக்கும் பழசுக்கும் இருந்த வித்தியாசம் தொண்ணூறு வெள்ளிதான்! அதற்குப் பிறகும் ஃபுளோர் டாம் முட்டைதான்; சிம்பல்கள் பானை மூடிதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

டிரம்மில் மாற்றக்கூடியவை, மாற்ற முடியாதவை என்று இரண்டு வகை உண்டு. தோல் மாற்றக்கூடியது. தோல் என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, இப்போது பெரும்பாலும் பாலியெஸ்டர் படலம்தான். 1950களின் பிற்பகுதியில்தான் அது பரவியது. ரெமோ பெல்லி என்பவர் 1957இல் தம் பெயரிலேயே தொடங்கிய ரெமோ நிறுவனம் அதில் முன்னோடி. அதற்கு முன்பு அங்கேயும் கன்றுத் தோல்தான், மழைக்காலத்தில் தொய்ந்துபோகும். நம் தப்பைத் தீயில் காய்ச்சி எடுப்பதைப்போல அவர்களும் சூடுகாட்டி வாசித்தவர்கள்தாம். ஆகவே பழைய செட்டில் தோல் கிழிந்திருக்கிறது, கறுத்திருக்கிறது என்று பயப்பட வேண்டாம். எப்படியும் மாற்றத்தான் போகிறோம். விலை பேசும்போதே அந்தச் செலவை மனத்தில் கூட்டிக்கொண்டால் போதும்.

மாற்ற முடியாதது மரக்கூடு. மலிவான செட்டுகளில் பெரும்பாலும் பாப்லர் மரம். கொஞ்சம் மேலே போனால் பர்ச், அதற்கும் மேலே மேப்பிள். மெல்லிய பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பசையிட்டு ஒட்டி வளைத்துக் கூடு செய்கிறார்கள். 1960களில் ஜப்பானிலிருந்து வந்த மலிவுச் செட்டுகளில் லுவான் என்ற மரத்தைப் பயன்படுத்தினார்கள். அது நம்மூர் மெராந்தியின் உறவு. மரத்தின் பெயரைவிட முக்கியம், அந்தக் கூடு வட்டமாக இருக்கிறதா, ஒட்டு பிரியாமல் இருக்கிறதா, விளிம்பு சீராக இருக்கிறதா என்பதுதான். நம் நாட்டு ஈரப்பதத்தில் பல ஆண்டுகள் கார் நிறுத்துமிடத்தில் கிடந்த செட்டுக்கு என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். விளிம்பில் பள்ளம் இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த தோல் போட்டாலும் சுருதி நிற்காது. பொறுமையாகச் சீவித் தருகிற ஆள் கிடைத்தாலும் அவர் கேட்கும் கூலிக்கு இன்னொரு டாம் வாங்கிவிடலாம்.

சோதிப்பது எளிது. தோலைக் கழற்றிவிட்டுக் கூட்டை ஒரு கண்ணாடி மேசையில் கவிழ்த்து வையுங்கள். உள்ளே கைப்பேசி விளக்கைப் போடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே கோளாறு. தோலைக் கழற்றவிடாத ஆளிடம் வாங்காதீர்கள். திருகாணிகள் ஒவ்வொன்றையும் கையாலேயே திருகிப் பாருங்கள். சில நிறுவனங்களின் பழைய செட்டுகளில் மரையின் அளவே வேறு. ஒன்று தொலைந்தால் தேடி அலைய வேண்டும்.

சிம்பல் தனிக்கதை. செட்டோடு இலவசமாக வருபவை பெரும்பாலும் பித்தளை. செம்பும் துத்தநாகமும் கலந்தது. வாசிப்பதற்கென்று செய்யப்படும் நல்ல சிம்பல்கள் வெண்கலம், அதாவது செம்பும் வெள்ளீயமும். பி8 என்றால் நூற்றுக்கு எட்டுப் பங்கு வெள்ளீயம்; பி20 என்றால் இருபது பங்கு. நம் கோயில் மணியும் வெண்கலம்தானே! தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டால் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் உள்ள தூரம் தெரிந்துவிடும். பழைய சிம்பல் வாங்கும்போது விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் அது வளரும், நிற்காது. நடுத்துளை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம்போல் நீண்டிருந்தால், பிளாஸ்டிக் குழாய் போடாமல் இரும்புக் கம்பியிலேயே மாட்டி அடித்திருக்கிறார்கள் என்று பொருள். என் ஹை-ஹெட்டில் இரண்டு கோளாறும் இருந்தன. விளம்பரப் படத்தில் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது!

இதையெல்லாம் படித்தும் கேட்டும் அனுபவப்பட்டும் தெரிந்துகொள்ள ஓர் ஆண்டு ஆனது. 2024இல் மீண்டும் ஒரு செட் தேடினேன். இந்த முறையும் பழசுதான். ‘பட்டும் புத்தி வரவில்லையா?’ என்று நண்பர்கள் கேட்டார்கள். புத்தி வந்ததால்தான் பழசு. 1,500 வெள்ளிக்குப் புதிதாகக் கிடைப்பதும் 1,500 வெள்ளிக்குப் பழசாகக் கிடைப்பதும் ஒரே தரத்துப் பொருள் அல்ல. முன்னது வீட்டில் பழகுவதற்கென்று செய்தது. ஸ்டாண்டுகளின் கால் மெலிசு. மாதம் இரண்டு முறை கழற்றி, வண்டியில் ஏற்றி, இறக்கி, மாட்டினால் ஓராண்டில் ஆட்டம் கண்டுவிடும். பின்னது வேலை செய்வதற்கென்று செய்தது. பேர்ல் எக்ஸ்போர்ட் 1982இல் வந்தது. உலகில் மிக அதிகம் விற்பனையான செட்டுகளில் ஒன்று. யமஹா ஸ்டேஜ் கஸ்டமும் அப்படித்தான், கேட்ட இடத்தில் கிடைக்கும் வகை. இவ்வகைச் செட்டுகள் பத்துப் பதினைந்து வயதானாலும் உழைக்கும். விற்றால் வாங்கிய விலைக்குக் கிட்டத்தட்ட விற்கலாம், உதிரிப்பாகமும் கிடைக்கும்.

ஷா ஆலாமில் ஒரு மலாய்க்காரர் வீடு. நாற்பது வயதைத் தாண்டியவர். ஸ்டேஜ் கஸ்டம், பர்ச் மரம். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைப் பிய்த்த தடம், கீறல்கள், ஒரு டாமில் மேலுறை நுனி எழும்பியிருந்தது. 1,400 கேட்டிருந்தார். நான் கேட்பதற்கு முன்பே திருகும் சாவியைக் கையில் கொடுத்து, “கழற்றிப் பார், அடிக்” என்றார். ஃபுளோர் டாமின் ஒரு கால் பிடிப்பு மாற்றியது, கொஞ்சம் ஆடும் என்பதையும் அவரே சொன்னார். வரவேற்பறைக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து விளக்கைப் போட்டேன். ஒரு பொட்டு வெளிச்சம்கூடக் கசியவில்லை. அவருடைய சின்ன மகள் ஏதோ மந்திர வித்தை என்று நினைத்து அருகில் வந்து குனிந்து பார்த்தாள்.

இரவு கேளிக்கை மையங்களில் வாசித்தவர். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் வேலை நின்றது. இரவு விடுதிகள் திறக்க 2022 மே மாதம் ஆகிவிட்டது. அதற்குள் பொருள் அனுப்பும் வேலைக்குப் போய்விட்டார். இப்போது எப்போதாவது யாராவது கூப்பிட்டால் வாசிக்கிறாராம். “இந்தப் பித்தளை ஸ்நேரையும் பெடலையும் மட்டும் தரமாட்டேன். செட்டோடு வந்த மர ஸ்நேரை எடுத்துக்கொள். போகிற இடத்தில் செட் இருக்கும், இது இரண்டும் சிம்பலும் என் கையில் இருந்தால் போதும்” என்றார்.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். மேடையே தொழிலாக உள்ளவர்கள் பலர் முழுச் செட்டையும் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. ஸ்நேர், பெடல், சிம்பல் மூன்றையும்தான் எடுத்துப் போகிறார்கள். ஆகவே உங்கள் குழு வாசிக்கும் இடங்களில் செட் இருக்கிறது என்றால் முதலில் இந்த மூன்றையும் நல்லதாக வாங்குங்கள், கூட்டுக்கு அவசரமில்லை. எங்கள் நிலைமை வேறு. திருமண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் செட் இருக்காது. ஒலிபெருக்கிக்காரரிடம் வாடகைக்கு எடுத்தால் எங்களுக்கு ஓர் இரவுக்கு 250 வெள்ளி. அதனால்தான் சிலர் எலக்ட்ரானிக் பேடு ஒன்றை வாங்கி, தவில் உறுமி உட்பட எல்லா ஓசையையும் இரண்டு குச்சியில் முடித்துக்கொள்கிறார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன். பையில் போட்டு மோட்டார் சைக்கிளில் போய்விடலாம். ஆனால் ஒலிபெருக்கி கெட்டால் அதற்குக் குரல் இல்லை!

விலை பேசும் கட்டம். நண்பன் என் காலை மிதித்தான். நான் 1,100 என்றேன். அவர் பதில் சொல்லாமல் டாமைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “1,200லா, அடிக்” என்றார். பணத்தைக் கொடுத்தேன். வண்டியில் ஏற்ற அவரும் கைகொடுத்தார். 22 அங்குலப் பேஸ் டிரம் அப்பாவின் மைவியில் பின்னிருக்கையை மடக்கினால்தான் நுழையும். அதை எந்தப் பக்கமாகச் சாய்த்தால் நுழையும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கதவை மூடிவிட்டுக் கண்ணாடியை இரண்டு முறை தட்டினார். எங்கள் வண்டி திரும்பும்வரை வாசலிலேயே நின்றார்.

அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன், இருநூறு வெள்ளி குறைத்துவிட்டேன் என்று. அவர் செட்டைச் சுற்றி வந்தார். ஆடுகிற காலை ஆட்டிப் பார்த்தார்.

“இதையும் அவரே சொன்னாரா?”

“ஆமாப்பா.”

“குறையை அவரே சொல்லிட்டாரு. அப்புறம் எதுக்குடா குறைச்ச?”

எனக்குப் பதில் வரவில்லை. பேரம் பேசுவது தப்பு என்று அப்பா நினைப்பவர் அல்லர். ஹாஃப் கட் கடையில் ஐந்து வெள்ளிக்கு அரை மணி நேரம் நின்று பேசுவார். மறைக்கிறவனிடம் பேசுவது வேறு, மறைக்காதவனிடம் பேசுவது வேறு என்பது அவர் கணக்கு. அன்றிரவு அந்த அபாங்குக்கு, செட் நன்றாக இருக்கிறது என்று வாட்சாப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். இருநூறு வெள்ளியைத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்ப நினைத்தேன் என்று இங்கே எழுதிக்கொள்ளலாம். உண்மையில் அந்தப் பணத்தில்தான் தோல் வாங்கினேன்.

மொத்தக் கணக்கு: செட் 1,200, தோல்கள் 320, பழைய வெண்கலச் சிம்பல்கள் 650. ஆக 2,170. வாடகை 250 என்று வைத்தால் ஒன்பதாவது நிகழ்ச்சியில் முதல் திரும்பிவிடும். எங்களுக்கு அது பத்து மாதத்தில் நடந்தது. மாதம் ஒரு நிகழ்ச்சிகூட உறுதியில்லாதவர்கள் வாடகைக்கு எடுப்பதுதான் புத்திசாலித்தனம். வாங்கிவிட்டுச் செட்டுக்காக நிகழ்ச்சி தேடுவது பெரிய தொல்லை. இடமும் வேண்டும். சின்ன வண்டிக்கும் சின்ன மேடைக்கும் என்றே சிறிய செட்டுகள் இருக்கின்றன. 2013இல் வந்த லட்விக் பிரேக்பீட்ஸ் செட்டில் பேஸ் டிரம் பதினாறே அங்குலம். மைவியின் பின்பெட்டிக்கு ஏற்றது. பழசில் கிடைத்தால் பாருங்கள். எந்தச் செட் வாங்கினாலும் ஒரு துண்டுக் கம்பளம் கட்டாயம். பேஸ் டிரம் ஓடாமலிருக்க என் முதல் செட்டுக்கும் அதைப் போட்டிருக்கலாம். தேய்ந்த மரை விற்றவரின் குற்றம். கம்பளம் இல்லாமல் பளிங்குத் தரையில் வைத்தது என் குற்றம்.

சிவப்புச் செட் ஓராண்டு பட்டறையின் பின்னறையில் கிடந்தது. போன மாதம் விற்பனைக்குப் போட்டேன். 450 வெள்ளி. முன்கால் திருகாணி தேய்ந்தது, ஃபுளோர் டாம் வட்டமில்லை, விளிம்பில் பள்ளம், சிம்பல் வெடித்தது, வீட்டில் பழக மட்டும் ஆகும் என்று எல்லாவற்றையும் எழுதினேன். மூன்று வாரம் யாரும் அழைக்கவில்லை. நண்பர்கள் சிரித்தார்கள். நான்காவது வாரம் ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு பையன், தன் அப்பாவோடு மோட்டார் சைக்கிளில் காப்பாருக்கு வந்தான். விளம்பரத்தில் எழுதியதை மீண்டும் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். அவன் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார். என் அப்பா காருக்கடியில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்; ஸ்பேனர் சத்தம் நின்றிருந்தது. ஃபுளோர் டாமின் தோலைக் கழற்றி, கூட்டை மேசைமேல் கவிழ்த்து, “உள்ளே விளக்கைப் போட்டுப் பாரு தம்பி” என்று என் கைப்பேசியை நீட்டினேன்.

அவன் வாங்கிக்கொண்டான். ஆனால் உள்ளே பார்க்கவில்லை. அந்தச் சிவப்பு நிறத்தைத்தான் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.